கலைந்த சேனை: 1942 டிசம்பரில் மோகன் சிங் எடுத்த முடிவு

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் நேதாஜியின் பெயர் இன்னும் மரியாதையோடு உச்சரிக்கப்படுகிறது. தாத்தா ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தார், பெரிய பாட்டி ஜான்சி ராணிப் படைக்குப் பெயர் கொடுத்தார் என்று சொல்லப்படும் கதைகள் எல்லாமே 1943 ஜூலைக்குப் பின் நடந்தவை. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஓர் இந்திய தேசிய ராணுவம் இருந்தது. ஏறத்தாழ 16,000 பேர் கொண்ட அந்தப் படையை அதன் தளபதியே கலைத்துவிட்டார். நம் மேடைகளில் இது பேசப்படுவதே இல்லை.

கலைத்தவர் கேப்டன் மோகன் சிங். காரணம், தன் சிப்பாய்களை எங்கே, யாருடைய தேவைக்காக அனுப்புகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காதது. மேலிடத்தின் கட்டளைக்கும் தன் ஆட்களின் உயிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் அதிகாரி என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் விட்டால் யார் தலையில் விடியும் என்பதை இந்த நிகழ்வைப் போல் தெளிவாகக் காட்டும் இன்னொன்று மலாயா வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. அவருடைய மறுப்பு சரியானது என்பதே என் முடிவு. ஆனால் அந்த மறுப்பு கட்டப்பட்ட விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத சிப்பாய்கள்.

ஜித்ராவில் தொடங்கியது

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர்கள் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் கரையிறங்கினார்கள். கெடாவின் ஜித்ராவில் அவர்களைத் தடுக்க நிறுத்தப்பட்டிருந்தது 11-ஆவது இந்திய டிவிஷன். தளபதி மேஜர் ஜெனரல் மரே-லயன். மழையில் பதுங்குகுழிகள் நிரம்பியிருந்தன. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கி கூடக் கிடையாது. அங்கிருந்த இந்தியச் சிப்பாய்களில் பலர் அதற்கு முன் டாங்கியைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. 11-ஆம் தேதி பிற்பகல், கொட்டும் மழையில், சாலை வழியாக ஜப்பானிய டாங்கிகள் வந்தன. சாங்லூனுக்கும் ஆசூனுக்கும் இடையில் பின்வாங்கிக்கொண்டிருந்த 14-ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் சிதறிப்போனது. மோகன் சிங் அந்தப் பட்டாலியனின் அதிகாரி.

மரே-லயனின் நிலையையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 12-ஆம் தேதி நண்பகலில் அவர் பின்வாங்க அனுமதி கேட்டார். அவருடைய மேலதிகாரி ஜெனரல் ஹீத் அந்நேரம் ரயிலில் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார். மலாயாவின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி பெர்சிவல் சிங்கப்பூரிலிருந்து அனுமதி மறுத்தார். மாலையில் மீண்டும் கேட்டபோது கிடைத்தது. அதற்குள் இருட்டிவிட்டது. ஒரே சாலை, மழை, அறுந்துபோன தொலைபேசிக் கம்பிகள். சில அணிகளுக்குப் பின்வாங்கும் உத்தரவு போய்ச் சேரவே இல்லை. மறுநாள் எண்ணிப் பார்த்தபோது 15-ஆவது பிரிகேடில் ஏறத்தாழ 600 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மரே-லயன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நண்பகலிலேயே கேட்ட மனிதர் அவர். அனுமதி வந்த நேரம்தான் ஆட்களைக் கொன்றது.

ஜித்ரா விழுந்ததும் பினாங்கின் கதை முடிந்தது. 11-ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. 16-ஆம் தேதி இரவு ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் படகேறிப் போனார்கள். ஆசியர்களுக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக்கை இறக்கியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர், இலங்கைத் தமிழரான சரவணமுத்து. 19-ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. விசுவாசத்தைக் கேட்டு வாங்கிய அரசு, காக்க வேண்டிய நேரத்தில் கைவிட்டுப் போனதை எங்கள் ஊர் நேரில் கண்டது. இதை இங்கே சொல்லக் காரணம், மன்னருக்குச் செய்த சத்தியம் இனியும் தன்னைக் கட்டுப்படுத்துமா என்று மோகன் சிங் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த நாட்களும் இவையே.

காட்டில் சில நாட்கள் அலைந்த பின் அவர் அலோர் ஸ்டாரில் சரணடைந்தார். மேஜர் புஜிவாரா என்ற ஜப்பானிய உளவு அதிகாரியும், கியானி பிரீதம் சிங் என்ற சீக்கியப் போதகரும் அவரோடு பேசினார்கள். பல நாள் பேச்சுக்குப் பின், இந்தியக் கைதிகளைக் கொண்டு பிரிட்டிஷாருக்கு எதிராக ஒரு படை அமைக்க அவர் ஒத்துக்கொண்டார். இந்தியக் கைதிகளை இந்தியரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் நெஞ்சில் முன்னால் நின்ற கோரிக்கை.

ஃபேரர் பார்க்கில் கைமாற்றம்

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. 17-ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பிரித்துச் சாங்கி கைதி முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது. இந்திய அதிகாரிகள் மட்டும் சிப்பாய்களோடு விடப்பட்டார்கள். கர்னல் ஹண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒலிபெருக்கி முன் வந்து, இனி ஜப்பானியர் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லி ஆட்களை ஒப்படைத்தார். புஜிவாரா பேசினார். பின் அவர் அதே ஆட்களை மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரே பிற்பகலில் இரண்டு முறை கைமாறினார்கள். பின்னாளில் செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ் கான், தங்களை ஆடுமாடுகளைப் போல் கைமாற்றினார்கள் என்று வேதனையோடு சொன்னது இந்தக் காட்சியைத்தான்.

ஷா நவாஸும் 14-ஆவது பஞ்சாபின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர். குர்பக்ஷ் சிங் தில்லானும் அதே பட்டாலியன். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் மூன்று வழியில் யோசித்தார்கள். ஷா நவாஸ் தொடக்கத்தில் இந்தப் படையை எதிர்த்தார். நீசூன் கைதி முகாமின் பொறுப்பில் இருந்தபோது, எதிர்த்து வெளியே நிற்பதைவிட உள்ளே போனால் ஆட்களைக் காப்பாற்றலாம், தேவைப்பட்டால் உள்ளிருந்தே இதைக் குலைக்கலாம் என்று முடிவு செய்து சேர்ந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். சேர்ந்தவர், சேராதவர் இருவரின் வாயிலும் அன்று ஒரே காரணம்: என் ஆட்கள்.

இதில் ஓர் உறுத்தலும் இருந்தது. மோகன் சிங் கேப்டன். கைதிகளில் அவரைவிட மூத்த கர்னல்கள் இருந்தார்கள். நிரஞ்சன் சிங் கில் அவர்களில் ஒருவர். இளையவர் ஜெனரல் ஆவதையும் மூத்தவர்கள் அவருக்கு வணக்கம் வைப்பதையும் எந்த ராணுவமும் எளிதில் செரித்துக்கொள்ளாது. மோகன் சிங் இதற்குக் கண்ட வழி, தொண்டர்கள் தன் பெயரைச் சொல்லி, தன் தலைமையை ஏற்று உறுதிமொழி எடுப்பது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் நடந்த எல்லாவற்றுக்கும் சாவி இந்த உறுதிமொழியில் இருக்கிறது.

பினாங்கில் நடந்த ஒத்திகை

1942 ஜூனில் கிழக்காசிய இந்தியர்களின் பாங்காக் மாநாடு கூடியது. ஜப்பானில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் தலைமையில் ஒரு செயற்குழு அமைந்தது. அதில் மோகன் சிங், கிலானி ஆகியோரோடு கே.பி. கேசவ மேனோனும், எங்கள் பினாங்கின் வழக்கறிஞர் என். ராகவனும் இருந்தார்கள். இந்தியாவின் சுதந்திரத்தையும் இந்தப் படையின் தனி நிலையையும் ஜப்பான் வெளிப்படையாக ஏற்க வேண்டும் என்று மாநாடு கேட்டது. டோக்கியோவிலிருந்து தெளிவான பதில் வரவில்லை. புஜிவாராவின் இடத்துக்கு வந்த கர்னல் இவாகுரோ, நயமாகப் பேசி நாளைக் கடத்தினார்.

அந்த நயப்பேச்சுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை முதலில் உணர்ந்தது பினாங்கு. ராகவன் பொறுப்பில் 1942 ஆகஸ்டில் இங்கே சுவராஜ் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவுக்குள் போய் வேலை செய்ய இளைஞர்களைப் பயிற்றுவிப்பது நோக்கம். பயிற்சி பெற்றவர்களில் ஒரு குழு செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, 27-ஆம் தேதி மலபார்க் கரையில் தானூரில் இறங்கியது. இறங்கியதும் பிடிபட்டார்கள். மற்ற வழிகளில் போனவர்களும் தப்பவில்லை. வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். காதருக்கு வயது 26. மலாயாவுக்குப் பிழைக்க வந்த பையன்.

பின்னர், ராகவனிடம் கேட்காமலேயே சில மாணவர்களை ஜப்பானிய உளவுத்துறை வெளியே கொண்டு போனது. விஷயம் தெரிந்ததும் ராகவன் கழகத்தை மூடினார். அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். வழக்கறிஞரான அவர் கையில் துப்பாக்கி இல்லை, படை இல்லை. பள்ளிக் கதவைச் சாத்துவது ஒன்றுதான் அவரால் முடிந்தது. அவர் சாத்தினார். அந்தத் துணிச்சலுக்குப் பினாங்குக்காரர்கள் இன்னும் உரிய மதிப்பைத் தரவில்லை என்பது என் கருத்து. ஆயினும் போன பிள்ளைகள் போனவர்களே.

டிசம்பர்

செப்டம்பர் முதல் தேதி இந்திய தேசிய ராணுவம் முறைப்படி அமைந்தது. காந்தி, நேரு, ஆசாத் பெயர்களில் அணிகள். தொண்டர்களாகப் பெயர் கொடுத்தவர்கள் படையில் எடுக்கப்பட்டவர்களைவிட மிக அதிகம். ஆயுதம் போதவில்லை என்று ஜப்பானியர் விரிவாக்கத்தை மறுத்தார்கள். படையில் இடம் கிடைக்காதவர்களைத் தங்கள் பொறுப்பில் கேட்டார்கள். அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்பது மலாயாத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. சயாம் மரண ரயில் பாதை வேலை அந்த ஆண்டின் நடுவில்தான் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் போனவர்கள் நம் ஆட்கள்.

நவம்பர் இறுதியில் பர்மாவுக்கு ஒரு முன்னணிப் பிரிவை அனுப்பும்படி இவாகுரோ தரப்பு கேட்டது. கப்பல் தயார் என்றார்கள். டோக்கியோவின் பதில் வராமல் ஆள் அனுப்ப முடியாது என்பது மோகன் சிங்கின் நிலை. டிசம்பர் 8 அன்று கர்னல் கில் கைது செய்யப்பட்டார். அவர் அனுப்பிய அதிகாரி ஒருவர் எல்லை தாண்டிப் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்துவிட்டதால் அவர் மீது உளவுக் குற்றச்சாட்டு. மோகன் சிங்கின் கண் முன்னாலேயே அவரைக் கொண்டு போனார்கள். செயற்குழுவில் ராஷ் பிஹாரியைத் தவிர மற்றவர்கள் விலகினார்கள்.

இந்த இடத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவரைச் சாதாரண அதிகாரிகளிடமிருந்து வேறுபடுத்துகிறது. தன்னைக் கைது செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தளபதியைத் தூக்கிவிட்டு, அடுத்தவரிடம் அதே கட்டளையை நீட்டினால் படை போய்விடும் என்பதும் தெரியும். ஆகவே முன்கூட்டியே ஓர் உத்தரவு எழுதி வைத்தார். நான் கைது செய்யப்பட்டால் இந்தப் படை அந்த நேரத்திலேயே கலைந்ததாகக் கொள்ளவும், எனக்குச் செய்த உறுதிமொழியிலிருந்து எல்லோரும் விடுபட்டதாகக் கொள்ளவும், ஆவணங்களையும் சின்னங்களையும் எரித்துவிடவும் என்பது அதன் சாரம். டிசம்பர் 29 அன்று அவர் பிடிக்கப்பட்டார். முகாம்களில் தீ மூட்டினார்கள். தோளிலும் மார்பிலும் இருந்த சின்னங்கள் பிடுங்கப்பட்டு நெருப்பில் விழுந்தன. பெயர்ப் பட்டியல்களும் கோப்புகளும் எரிந்தன. ஜப்பானியர் கையில் மிஞ்சியது, எந்தப் படையையும் சேராத ஆயிரக்கணக்கான மனிதர்கள்.

இந்தப் பகுதியை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது, மலேசிய ராணுவத்தில் இருந்து சார்ஜெண்டாக ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தாய்லாந்து எல்லைக் காடுகளில் ரோந்து போனவர். நாங்கள் எல்லோரும் மோகன் சிங்கைப் புகழ்ந்து முடித்ததும் அவர் கேட்டார்: "தம்பி, எரித்தார்கள், சரி. அன்று இரவு அந்த ஆட்களுக்கு ரேஷன் யார் கொடுத்தது?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "என் அதிகாரி எனக்காகச் சண்டை போட்டால் நான் அவரைக் கும்பிடுவேன். ஆனால் அவர் போன பிறகு நான் யாரிடம் போய் நிற்பது என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், இல்லையா?"

நான் முன்னே சொன்ன ஓட்டை இதுவே. தனிப்பட்ட உறுதிமொழி மோகன் சிங்குக்கு ஓர் அரிய பலத்தைக் கொடுத்தது. சிப்பாய்கள் எனக்குக் கட்டுப்பட்டவர்கள், நான் விடுவித்தால் அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. ராகவனிடம் இல்லாத பிடி அது. அப்படிக் கலைக்க இவருக்கு உரிமை இல்லை என்று ராஷ் பிஹாரி வாதாடினார். அந்த வாதம் முகாம்களில் எடுபடவில்லை. ஆனால் எல்லாம் ஒருவர் பெயரில் இருந்ததால், அவர் போனதும் பேச்சு நடத்த யாரும் இல்லை. நாங்கள் மீண்டும் போர்க்கைதிகள், எங்களை அப்படியே நடத்துங்கள் என்று கூட்டாகக் கேட்க ஓர் அதிகாரிகள் குழு, ஒரு பொறுப்பாளர், ஓர் எழுத்து உடன்பாடு எதுவும் இல்லை. 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது, அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே சட்டத்தின் நிழலும் மெல்லியது. ஒருமுறை கைதி நிலையை விட்டு வெளியே வந்தவனுக்கு அந்த மெல்லிய நிழலும் சந்தேகம்.

அவருக்கு நேரம் இருந்ததா என்று கேட்கலாம். கில் கைதானதற்கும் அவர் கைதானதற்கும் இடையே மூன்று வாரங்கள். கலைப்பு உத்தரவை எழுத நேரம் இருந்தவருக்கு, அதற்கடுத்த பக்கத்தை எழுதவும் நேரம் இருந்தது. மூத்த அதிகாரிகள் பலரும் அவருடைய கருத்தோடு முழுதும் ஒத்துப்போகவில்லை என்பதால் அவர்களிடம் பொறுப்பைக் கொடுக்க அவருக்கு மனம் வந்திராது. அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. படையையே ஜப்பானியரிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. இருந்தாலும் கைதிகள் நலனை மட்டும் பார்க்க, படையோடு தொடர்பில்லாத இரண்டு மூன்று மூத்தவர்களைப் பெயர் சொல்லி நியமித்திருக்கலாம். பிப்ரவரியில் ஃபேரர் பார்க்கில் ஆட்கள் கைமாறியபோது இருந்த அதே வெற்றிடம் டிசம்பரிலும் திரும்பியது. இந்த முறை கைவிட்டவர் அவர்கள் நம்பிய அதிகாரி, அதுவும் நல்லெண்ணத்தோடு.

சிப்பாய்களுக்கு நேர்ந்தது

1943 தொடக்கத்தில் ராஷ் பிஹாரியும் ஜப்பானியரும் முகாம் முகாமாகப் போய் மீண்டும் சேருமாறு கேட்டார்கள். ஒவ்வோர் அதிகாரியும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஷா நவாஸ் தங்கினார். முகமது ஜமான் கியானி, போன்ஸ்லே என்ற அதிகாரிகளும் தங்கினார்கள். தங்கியவர்களைக் கொண்டு படை மறுபடி எழுந்தது. ஜூலையில் நேதாஜி வந்தபோது அவர் கையில் எடுத்தது அதைத்தான். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படையும் அதன் தொடர்ச்சியே.

மறுத்தவர்கள் கைதி முகாம்களுக்குத் திரும்பினார்கள். படையில் சேராத இந்தியக் கைதிகள் ஆயிரக்கணக்கில் நியூகினிக்கும் நியூ பிரிட்டன் தீவுக்கும் வேலைக்காகக் கப்பலேற்றப்பட்டார்கள். பசி, மலேரியா, அடி, குண்டுவீச்சு. 1945-இல் ஆஸ்திரேலியப் படை மீட்டபோது உயிரோடு இருந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். இறந்தவர்களின் கணக்கை மோகன் சிங் தலையில் கட்டுவது அநியாயம். கொன்றது ஜப்பானிய ராணுவம். அதே நேரம், டிசம்பர் 29-இன் தீயை மட்டும் பாடிவிட்டு நியூகினியைப் பாடாமல் விடுவதும் அநியாயம்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. அவர் கலைக்காமல் இருந்திருந்தால், ஒரு தெளிவான உடன்பாடும் இல்லாமல் அந்தப் படை பர்மாவில் ஜப்பானியரின் சுமைதூக்கிகளாகவும் உளவாளிகளாகவும் பிரித்து விடப்பட்டிருக்கும். அதைத் தடுத்தது அவர் மறுப்பு. நேதாஜி வந்தபோது ஜப்பானியர் சற்று மரியாதையோடு பேசியதற்கு, இந்தியர்கள் ஒருமுறை எல்லாவற்றையும் எரித்துக் காட்டியிருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

வழக்கும் அதன் பின்னும்

1945 நவம்பரில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவரும் தில்லி செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றச்சாட்டு. புலாபாய் தேசாய் வாதாடினார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 1946 ஜனவரியில் தளபதி ஆச்சின்லெக் அதை ரத்துச் செய்தார். கட்டளைக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்ற அதிகாரியின் சிக்கல், நீதிமன்றத்தில் சத்தியம் யாருக்கு என்ற கேள்வியாகச் சுருங்கியது. ஆட்களைக் காப்பது அதிகாரியின் கடமையில் அடங்குமா, அது கட்டளையை மீறும் அளவுக்குப் போகலாமா என்பதற்கு அந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

மோகன் சிங்கை ஜப்பானியர் சிங்கப்பூரை ஒட்டிய தீவு ஒன்றிலும் பிறகு சுமத்திராவிலும் காவலில் வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் பிரிட்டிஷார் இந்தியாவுக்குக் கொண்டு போய் விடுவித்தார்கள். ராகவன் பின்னாளில் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசில் அமைச்சராகி, சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனாவுக்குப் போனார். கேசவ மேனோன் ஜப்பானியச் சிறையிலிருந்து மீண்டு மாத்ருபூமி நாளிதழுக்குத் திரும்பினார். மோகன் சிங் மாநிலங்களவை உறுப்பினரானார். 1989-இல் இறக்கும்வரை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம், ஐ.என்.ஏ. சிப்பாய்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக அரசு ஏற்க வேண்டும், அவர்களுக்கு உரியதைத் தர வேண்டும் என்பது. 1972-இல் இந்திய அரசு கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது.